குலை ஏற்றினால் நின்றுவிடும் நடுக்கம்

"வண்டி உதறுதும்மா. காலியா இருந்தா உதறுது. குலை ஏத்திட்டா நின்னுடுது."

பல்கலைக்கழக விடுமுறைக்கு பீடோங் வந்த முதல் நாள் இரவு, மாமா இதைச் சொன்னார். நான் சாப்பிட்டுக்கொண்டே "பட்டறையில காட்டுங்க மாமா" என்று சொல்லிவிட்டு, அடுத்த இட்லியைக் கையில் எடுத்தேன். இயந்திரவியல் படிக்கும் மருமகள் சொன்ன பதில் அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்துக்குள் நோயின் பெயர் ஏறக்குறைய முழுதாக இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு மேலும் ஒன்பது நாள் ஆனது.

மாமாவிடம் இருப்பது பதினொரு வயதான இரட்டைக் கதவு பிக்அப். சுங்கை லாலாங் பக்கம் உள்ள சிறுதோட்டக்காரர்களின் செம்பனைக் குலைகளை ஏற்றி, குலை வாங்கும் மையத்தில் சேர்ப்பது அவர் தொழில். ஒரு காலத்தில் ரப்பர் பால் ஏற்றிய வண்டிகள் ஓடிய செம்மண் பாதைகளில் இன்று இத்தகைய வண்டிகள்தான் ஓடுகின்றன. வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும்.

அந்த வண்டி பட்டறைக்குப் போகாமலும் இல்லை. நான் வருவதற்கு முன்பே மூன்று முறை போய் வந்திருந்தது. முதல் முறை நான்கு டயர்களுக்கும் பேலன்சிங் செய்தார்கள். இரண்டாம் முறை பின் டயர்கள் இரண்டையும் புதிதாக மாற்றினார்கள். மூன்றாம் முறை இஞ்சின் மவுண்டிங்கை மாற்றினார்கள். மொத்தச் செலவு 1,860 வெள்ளி. உதறல் அப்படியே இருந்தது. "அடுத்து கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்கணும்" என்றார்களாம். அதற்கு 3,500 வெள்ளி ஆகலாம் என்று சொன்னதும், அத்தையின் நகையைப் பற்றி வீட்டில் பேச்சு வந்துவிட்டது. அதன் பிறகுதான் நான் தட்டை வைத்துவிட்டு எழுந்தேன்.

எப்போது உதறுகிறது?

பாகத்தை மாற்றுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. வண்டியில் சுழலும் பொருள்கள் பல. இஞ்சின் ஒரு வேகத்தில் சுழல்கிறது. கியர்பாக்ஸுக்குப் பின்னால் உள்ள புரோப்பல்லர் ஷாஃப்ட் இன்னொரு வேகத்தில் சுழல்கிறது. சக்கரம் அதையும் விட மெதுவாகச் சுழல்கிறது. உதறல் எதன் வேகத்தோடு சேர்ந்து கூடிக் குறைகிறது என்று பார்த்தால், தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும்.

மறுநாள் காலை, வேறு வண்டி வராத ஒரு நேர்ப்பாதையில் மாமா ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பேட்டில் எழுதினேன். செய்தது ஐந்து சோதனைகள்தான்.

1. வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து இஞ்சினை மட்டும் உறுமவிட்டோம். நடுக்கம் இல்லை. அப்படியானால் இஞ்சின், மவுண்டிங் இரண்டின் மீதும் சந்தேகம் குறைவு.

2. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் எண்ணெயை அழுத்தினோம். இருக்கைக்குக் கீழே தடதடவென்று நடுங்கியது. நடுக் கண்ணாடியில் பின்னால் இருந்த மரங்கள் கலங்கித் தெரிந்தன. காலை எடுத்ததும், வேகம் அதே அளவில் இருந்தபோதும், நடுக்கம் அடங்கிவிட்டது. டயரில் கோளாறு என்றால் காலை எடுத்தாலும் அது தொடர்ந்திருக்கும்.

3. அதே 30 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் ஓட்டினோம். இஞ்சின் சத்தம் மாறியது. நடுக்கத்தின் தாளம் மாறவில்லை. ஆகவே கோளாறு கியர்பாக்ஸுக்குப் பின்னால்.

4. மெதுவாக அழுத்தினால் லேசான நடுக்கம், வேகமாக அழுத்தினால் பலத்த நடுக்கம். இஞ்சின் தரும் முறுக்கு விசை கூடும்போது அதுவும் கூடுகிறது.

5. பிற்பகல் குலை ஏற்றிய பிறகு அதே பாதையில் ஓட்டினோம். நடுக்கம் ஏறக்குறைய இல்லை.

ஐந்தாவது சோதனையின் முடிவை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. மாமா முதல் நாளே சொன்னது இதைத்தான். மூன்று பட்டறைப் பயணங்களிலும் இதையே சொல்லியிருக்கிறார். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. நானும் எழுதிக்கொள்ளவில்லை.

கைப்பேசியும் ஒரு கருவி

படிவம் 4 இயற்பியலில் நாம் அதிர்வெண் என்பதைப் படிக்கிறோம். பலர் அதை 'ஃபிரெகுவென்சி' என்று மலாயில்தான் மனப்பாடம் செய்திருப்போம். ஒரு வினாடியில் எத்தனை முறை ஆடுகிறது என்பதுதான் அது. மாமா சொல்லும் 'உதறல்' என்ற சொல்லுக்கு ஓர் எண் கொடுக்க முடிந்தால், குற்றவாளியை இன்னும் நெருங்கலாம்.

கைப்பேசியைத் திருப்பினால் திரை திரும்புகிறது அல்லவா? அதற்காக உள்ளே முடுக்கத்தை உணரும் சிறு கருவி ஒன்று இருக்கிறது. ஜெர்மனியின் ஆகென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஃபைஃபாக்ஸ்' என்ற இலவசச் செயலி அந்தக் கருவியின் அளவுகளை வரைபடமாகக் காட்டும், எந்த அதிர்வெண்ணில் ஆட்டம் அதிகம் என்றும் பிரித்துக் காட்டும். என் கைப்பேசி வினாடிக்கு ஏறக்குறைய 200 முறை அளக்கிறது. அதில் பாதி வரை, அதாவது வினாடிக்கு 100 ஆட்டம் வரை, அதை நம்பலாம்.

முதலில் கணக்கு. பின் டயரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்று மட்டும் தள்ளி, தரையில் நாடா வைத்து அளந்தோம். 2.4 மீட்டர். மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 8.33 மீட்டர். ஆகவே சக்கரம் வினாடிக்கு ஏறக்குறைய 3.5 முறை சுற்றுகிறது. எங்கள் வண்டியின் பின் அச்சில் பல்விகிதம் 3.9. சக்கரம் ஒரு முறை சுற்றினால் ஷாஃப்ட் 3.9 முறை சுற்றும் என்று பொருள். ஆகவே ஷாஃப்ட் வினாடிக்கு ஏறக்குறைய 13.5 முறை சுற்றுகிறது.

இனி விடையைப் படிப்பது எளிது. நடுக்கம் 3.5-இல் இருந்தால் டயர் அல்லது ரிம். 13.5-இல் இருந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அல்லது அதன் எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அதன் இரட்டிப்பான 27-இல் இருந்தால், ஷாஃப்ட்டின் இணைப்பு மூட்டு.

கைப்பேசியை இருக்கையின் இரும்புச் சட்டத்தில் ஒட்டுநாடாவால் இறுக்கி ஒட்டி, மாமாவை மறுபடியும் ஓட்டச் சொன்னேன். வரைபடத்தில் 27-க்குப் பக்கத்தில் ஓர் ஊசி முனை எழுந்து நின்றது. 3.5-இல் சொல்லும்படி ஒன்றுமில்லை. இரண்டு புதிய டயர்களும் குற்றமற்றவை என்று தெரிந்தது. அவற்றுக்கு முன்னால் இருந்த பழைய டயர்களும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஏன்?

கியர்பாக்ஸ் சட்டத்தோடு சேர்ந்து ஒரே இடத்தில் இருக்கிறது. பின் அச்சு பள்ளம் மேட்டுக்கு ஏற்ப ஏறி இறங்குகிறது. இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் வளைந்து கொடுத்தபடியே சுழல வேண்டும். அதற்காகத்தான் சிலுவை வடிவக் குறுக்குத் துண்டு உள்ள யூ-ஜாயிண்ட். இத்தாலியரான கார்டானோவின் பெயரால் 'கார்டான்' மூட்டு என்றும், இதை 1676-இல் விளக்கி எழுதிய இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் பெயரால் 'ஹூக்' மூட்டு என்றும் இதற்குப் பெயர் உண்டு. மோட்டார் வண்டிக்கு ஏற்ற வடிவத்துக்கு 1903-இல் காப்புரிமை பெற்றவர் கிளாரன்ஸ் ஸ்பைசர். அப்போது அவர் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக மாணவர்.

இந்த மூட்டுக்கு ஒரு குணம் உண்டு. வளைந்த நிலையில் சுழலும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் சீராக இருக்காது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். வளைவு 3 பாகை என்றால் இந்த ஏற்றத்தாழ்வு 0.14 விழுக்காடு. 8 பாகை என்றால் ஏறக்குறைய 1 விழுக்காடு. கோணம் மூன்று மடங்கு கூட ஆகவில்லை, ஏற்றத்தாழ்வு ஏழு மடங்கு ஆகிவிடுகிறது.

இதைச் சமாளிக்க, ஷாஃப்ட்டின் மறுமுனையிலும் ஒரு மூட்டை வைக்கிறார்கள். இரண்டு கோணங்களும் சமமாக இருந்தால், முதல் மூட்டு முந்தும் அளவுக்கு இரண்டாம் மூட்டு பிந்தி, கணக்கு நேராகிவிடும். ஆனால் எண்ணெயை அழுத்தும்போது பின் அச்சின் மூக்கு மேலே எழும்ப முயல்கிறது. அப்போது கோணச் சமம் குலைகிறது. அதோடு, வளைந்த மூட்டின் வழியாக முறுக்கு விசை போகும்போது, ஷாஃப்ட்டைப் பக்கவாட்டிலும் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை தள்ளுகிறது. எங்கள் வண்டியில் ஷாஃப்ட் இரண்டு துண்டு. நடுவில் ஒரு செண்டர் பேரிங் அதைத் தாங்குகிறது. அந்தத் தள்ளலை எல்லாம் வாங்கிக்கொள்வது அந்தப் பேரிங்கைச் சுற்றியுள்ள ரப்பர்தான். காலை எடுத்ததும் நடுக்கம் நிற்பதற்கும் காரணம் இதுவே. முறுக்கு விசை இல்லையென்றால் தள்ளலும் இல்லை.

வண்டிக்கு அடியில்

இவ்வளவும் காகிதத்தில். சுங்கை பட்டாணியில் எங்களுக்குத் தெரிந்த ஓர் அண்ணன் ஃபோர்மேனாக இருக்கிறார். பாடாங் செராய் பக்கத் தோட்டத்தில் வளர்ந்தவர், தொழில்திறன் கல்வியில் மூன்றாம் நிலைச் சான்றிதழ் முடித்தவர். வண்டியை அவரிடம் கொண்டுபோனோம். நான் வரைபடத்தைக் காட்ட வாயெடுப்பதற்குள் அவர் மாமாவிடம் கேட்ட முதல் கேள்வி, "எப்போண்ணே உதறுது?" மாமா அதே இரண்டு வாக்கியத்தைச் சொன்னார். அண்ணன் குனிந்து பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஸ்ப்ரிங் பட்டை கூடுதலா போட்டீங்களா?" என்றார்.

போன ஆண்டு போட்டிருந்தார். ஒரு நடையில் கூடுதலாகக் குலை ஏற்றலாம் என்று இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை சேர்த்திருக்கிறார். அதனால் காலி வண்டியின் பின்பக்கம் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. சட்டம் உயர்ந்தது, அச்சு அதே இடத்தில் நின்றது, இடையில் இருந்த ஷாஃப்ட்டின் சரிவு கூடியது. குலை ஏற்றினால் ஸ்ப்ரிங் தணிந்து, கோணம் பழைய நிலைக்குத் திரும்பியது. மாமா சொன்ன வாக்கியத்தின் விளக்கம் இதுதான்.

சமதளத்தில், நான்கு சக்கரமும் தரையில் நிற்க, காந்தம் பொருத்திய கோணமானியை ஷாஃப்ட்டின் இரண்டு துண்டுகளிலும் வைத்து அளந்தோம். நடு மூட்டில் கோணம் 8 பாகை. செண்டர் பேரிங்கைக் கையால் தூக்கினால் மேலும் கீழும் ஆடியது. ரப்பர் பாதி கிழிந்திருந்தது. பின் யூ-ஜாயிண்ட்டைத் திருப்பினால், கிரீஸ் வற்றி, ஓர் இடத்தில் சிக்கிச் சிக்கித் திரும்பியது. "இது ஹைவேல உடைஞ்சிருந்தா ஷாஃப்ட் கீழ விழுந்திருக்கும்" என்றார் அண்ணன். அதன் பிறகு மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை.

கழற்றும் முன் அண்ணன் ஒரு காரியம் செய்தார். ஷாஃப்ட்டின் இரண்டு துண்டுகளும் சேரும் இடத்திலும், அச்சோடு சேரும் இடத்திலும் வெள்ளைச் சாயத்தால் கோடு போட்டார். திரும்பப் பூட்டும்போது அந்தக் கோடுகள் நேராக வர வேண்டும். மாறிப் பூட்டினால் ஒரு மூட்டு மற்றதைச் சமன் செய்யாது, புதிதாக ஒரு நடுக்கம் பிறந்துவிடும்.

பட்டையா, பேரிங்கா?

இங்கேதான் உண்மையான சிக்கல். பேரிங்கையும் யூ-ஜாயிண்ட்டையும் மாற்றிவிட்டு, பட்டையை அப்படியே விட்டால் என்ன? சில மாதங்கள் நன்றாக ஓடும். பிறகு அதே கோணம் புதிய ரப்பரையும் கிழிக்கும். செண்டர் பேரிங்குக்கு அடியில் தகடு வைத்து இறக்கி, கோணத்தை ஓரளவு சரிசெய்யவும் முடியும். அது நடு மூட்டின் சுமையைக் குறைத்து, கியர்பாக்ஸ் பக்க மூட்டின் மேல் ஏற்றும். வேரோடு சரிசெய்ய வேண்டுமென்றால் கூடுதல் பட்டையைக் கழற்ற வேண்டும்.

பட்டையைக் கழற்றினால் குலை குறையும். மாமாவுக்கு அது கணக்கு நோட்டில் விழும் அடி. 2024 ஜூன் மாதம் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு உயர்ந்தபோதுதான், நடையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. அந்தப் பட்டை பேராசையால் போட்டதல்ல.

"பட்டை போட்டா ஸ்ப்ரிங்தான் தாங்கும் அண்ணே. பிரேக் தாங்குமா, அச்சு தாங்குமா?" என்று அண்ணன் கேட்டார். வண்டியின் பதிவில் சுமையோடு சேர்த்து எவ்வளவு எடை இருக்கலாம் என்று ஓர் எண் எழுதியிருக்கும். எத்தனை பட்டை சேர்த்தாலும் அந்த எண் மாறாது. அதைத் தாண்டினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் சோதனையில் அபராதமும் உண்டு. நான் என் கைப்பேசி வரைபடத்தைக் காட்டினேன். மாமா அதைப் பார்க்கவில்லை. கிழிந்த ரப்பரைத்தான் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "கழட்டிடுப்பா" என்றார்.

பட்டைகள் இரண்டும் கழற்றப்பட்டன. புதிய செண்டர் பேரிங், புதிய பின் யூ-ஜாயிண்ட், கூலி எல்லாம் சேர்த்து 540 வெள்ளி. கியர்பாக்ஸ் இறக்கப்படவில்லை. அத்தையின் நகை அலமாரியிலேயே இருக்கிறது.

திரும்ப அளந்தபோது நடு மூட்டில் 5 பாகை. அதே பாதை, அதே 30 கிலோமீட்டர், அதே கைப்பேசி. 27-இல் இருந்த ஊசி முனை, உற்றுப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்குக் குறைந்திருந்தது. சரிசெய்த பிறகும் அளந்து பார்ப்பது முக்கியம். இல்லையென்றால் சரியாகிவிட்டது என்று நாமே நம்பிக்கொள்வோம். மாமாவுக்கு வரைபடம் தேவைப்படவில்லை. நடுக் கண்ணாடியில் மரங்கள் தெளிவாகத் தெரிந்தன.

நீங்களும் செய்யலாம்

வீட்டில் பிக்அப், வேன், லோரி ஏதாவது இருந்தால், பட்டறைக்குப் போகும் முன் ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: எந்த வேகத்தில் நடுங்குகிறது, எண்ணெயை அழுத்தும்போதா, காலை எடுத்த பிறகுமா, கியர் மாறினால் மாறுகிறதா, சுமை இருந்தால் கூடுகிறதா குறைகிறதா, அண்மையில் எதை மாற்றினீர்கள். கடைசிக் கேள்வியை மறக்க வேண்டாம். ஓட்டுபவர் ஓட்டட்டும், குறிப்பெடுப்பவர் வேறு ஒருவராக இருக்கட்டும். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள்.

இந்த வேலையில் ஆர்வம் இருப்பவர்களுக்குக் கெடாவிலேயே வழி இருக்கிறது. ஜித்ராவிலும் கூலிமிலும் பாலிடெக்னிக்குகள் உள்ளன. குரூணிலும் கூலிமிலும் வண்டி உற்பத்தி ஆலைகள் உள்ளன. எஸ்.பி.எம் முடித்த பிறகு தொழில்திறன் கல்விக்குப் போவது இரண்டாம் தரம் என்று நம் வீடுகளில் இன்னும் பேசுகிறார்கள். நான் ஒன்பது நாளில் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததை, அந்த அண்ணன் ஒரு கேள்வி கேட்டு, ஒரு முறை குனிந்து பார்த்துக் கண்டுபிடித்தார். என் கணக்கு அவர் சொன்னதை உறுதி செய்தது, அவ்வளவே. எனக்கு அவரிடம் இன்னும் படிக்க வேண்டியது இருக்கிறது.

மாமா இப்போது குலை அதிகம் உள்ள நாள்களில் இரண்டு நடை போகிறார். டீசல் செலவைச் சொல்லி முணுமுணுக்காத நாள் இல்லை. போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் தன் வேன் நடுங்குகிறது என்றும், டயர் மாற்றப் போவதாகவும் வந்து சொன்னார். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொல்லிவிட்டு, "முதல்ல இதச் சொல்லுங்க, எப்போ நடுங்குது?" என்று கேட்டார்.